கோப்பை அளவு

மிசௌரியில் விற்றவள் ஒரு காப்பிக் கோப்பையை எடுத்துவந்து
குட்டியை அதற்குள் இறக்கிக் காட்டினாள்.
ஆயுசுக்கும் இவ்வளவுதான் என்றாள்.
நான் ஏமாளியில்லை, தாய் தகப்பனைக் காட்டு என்றேன்.
காட்டினாள். இரண்டும் என் முழங்காலுக்குக் கீழே.
அவையே வளர்ந்து முடியாத பிள்ளைகள் என்று
பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரியும்.

பன்றி விஷயத்தில் என்னையே ஏய்த்துவிட்டாள்.
வாரத்தில் ஐந்து இரவு
நூற்றெழுபது பன்றிகளை ஏற்றிக்கொண்டு
அயோவாவின் குறுக்கே ஓட்டிப்போகிறவன் நான்.
குட்டி ஆயிரத்து நூறு டாலர்.
என் வண்டியில் போகிறவற்றில் ஆறு வாங்கலாம் அதற்கு.
ஜோலீனிடம் நானூறு என்றேன்.

மாரிட்டுக்கு அன்று எட்டு வயது.
பட்டன் என்று பேர் வைத்தாள்.
சமையலறைக் கதவு நிலையில்
பென்சிலால் அவள் உயரம் குறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்
பட்டனுக்கும் ஒரு கோடு.
அவளுடைய கோடுகள் மேலே ஏறின.
பட்டனுக்குச் சீக்கிரமே பக்கவாட்டில் போடவேண்டி வந்தது,
நிலையைத் தாண்டிச் சுவருக்கு,
சுவரில் நாட்காட்டி வரைக்கும்.

குளிர்பெட்டியைத் திறக்கப் பழகியது.
சைக்கிள் சங்கிலி போட்டோம்.
சங்கிலியோடு கதவே கையில் வந்தது.
வெளியே போக மணியடிக்கும்,
போகவேண்டாத போதும் அடிக்கும்,
யார் எழுந்து வருகிறார்கள் என்று பார்க்க.
ஜூலையில் அதன் காது பொசுங்கிவிடாமல்
சன்ஸ்கிரீன் தடவிவிடுவாள் மாரிட்,
தனக்குத் தடவ மறந்துபோய்.
இருவரில் அவள் தோள்தான் உரிந்தது.

விடிகாலை நான் வீடு திரும்பினால்
வாசலுக்கு வந்து பூட்ஸை முகரும்.
முதல் தடவை வெகுநேரம் முகர்ந்தது.
பிறகு திரும்பாமல், பின்பக்கமாகவே நடந்து
துணி துவைக்கும் அறை வரைக்கும் போனது.
மத்தியானம்வரை ஆப்பிளைத் தொடவில்லை.
அப்பா, உன் பூட்ஸில் யார் இருக்கிறார்கள்
என்று கேட்டாள் மாரிட்.
சேறு என்றேன்.

மறுநாளிலிருந்து
டிரக் நிறுத்துமிடத்திலேயே கழற்றி மாட்டிவிட்டு
முழங்கைவரை கழுவிக்கொண்டு
மெல்லிய செருப்போடு பனியில் கார்வரை நடக்கிறேன்.
ஜோலீன் ஒன்றும் கேட்கவில்லை.
கனத்த காலுறை இரண்டு ஜோடி
என் இருக்கையில் வைத்திருந்தாள்.
அந்த நானூறையும் அவள் நம்பியிருக்கவில்லை என்று
அன்றைக்குத்தான் உறைத்தது.

பிப்ரவரியில் நகர மன்றத்துக்குக் கூப்பிட்டார்கள்.
பக்கத்து வீட்டு வெர்லினின் டூலிப் கிழங்குகளில்
பட்டன் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.
ஊர் எல்லைக்குள் கால்நடை கூடாது என்று விதி.
இது கால்நடையா, செல்லப்பிராணியா?
உறுப்பினர்கள் ஏழு பேர்,
ஐந்து பேருக்குப் பன்றியால்தான் பிழைப்பு.
அவர்கள் மேசையைப் பார்த்தார்கள்.
மாரிட் நாற்காலிமேல் ஏறிக் காகிதத்தைப் படித்தாள்,
இரண்டாம் வரியில் இடம் தவறி
மறுபடி முதலிலிருந்து.
பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்,
விஷயம் தெரிந்தவன் என்று.
நூற்றிருபது பவுண்டு என்றேன்.
வாயில் வேறொன்றும் வரவில்லை.

நாலுக்கு மூன்று. வருஷாவருஷம் அனுமதி வாங்கவேண்டும்,
காதில் எண் தகடு கட்டாயம்.
நான்தான் குத்தினேன்,
கொட்டகை வேலையில் பழகிய கை.
ஒரே ஒரு கத்தல்.
மாரிட் தகட்டின்மேல் நகப்பூச்சால் நட்சத்திரம் வரைந்தாள்,
எண் படிக்க முடியாமல் போயிற்று.

நேற்றிரவு ஏற்றும்போது
எண்ணும் கருவி என் கையில்.
தொண்ணூற்று மூன்றாவது
சரிவில் பாதி ஏறி நின்று
என் பூட்ஸை முகர்ந்தது.
பின்பக்கமாக ஓர் அடி வைத்தது.
பின்னால் வந்தவை முட்டித் தள்ள
உள்ளே போயிற்று.
கட்டைவிரல் அமுக்க மறந்துவிட்டது.
கடைசியில் கருவியில் நூற்று அறுபத்தொன்பது.
கொட்டகைக்காரன் டுவெயின்
நூற்றெழுபதுதானே என்றான்.
ஆமாம் என்று
நூற்றெழுபது எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.